டிரிஸ்ட்ரம் ஷாண்டி: படிக்கத் தொடங்கியவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

லாரன்ஸ் ஸ்டெர்ன் எழுதிய ‘டிரிஸ்ட்ரம் ஷாண்டி’ நாவலைப் பல வருடங்களாக நண்பர்களுக்குப் படிக்கக் கொடுத்து வருகிறேன். பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடங்களில்தான் நிற்கிறார்கள், ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் சில, முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

யார் இந்த ஸ்டெர்ன்? ஒருத்தர் பாதிரியார் என்கிறார், இன்னொருத்தர் நாவலாசிரியர் என்கிறார்.

இரண்டுமே சரி. 1713-இல் அயர்லாந்தின் க்ளான்மெல் ஊரில் பிறந்தவர். அப்பா ராணுவத்தில் கீழ்நிலை அதிகாரி, அதனால் சிறுவயது முழுக்கப் படைமுகாம்களுக்குப் பின்னால் ஊர் ஊராக அலைச்சல். கேம்பிரிட்ஜில் படித்தார். 1738-இல் யார்க் நகருக்கு அருகே சட்டன் என்ற கிராமத்துக்குப் பங்குப் பாதிரியாராக வந்தவர், இருபது வருடத்துக்கும் மேலாகப் பிரசங்கம் செய்துகொண்டு அங்கேயே இருந்துவிட்டார்.

நாவலின் முதல் இரண்டு பாகங்கள் 1759 டிசம்பரில் வந்தபோது அவருக்கு வயது 46. அடுத்த ஆண்டு லண்டனுக்குப் போனால், அந்த நகரத்திலேயே அதிகம் பேசப்படும் ஆள் அவர்தான்! புகழ்பெற்ற ஓவியர் ரெனால்ட்ஸ் அவரை உட்கார வைத்து ஓவியம் தீட்டினார், இன்னொரு ஓவியர் ஹோகார்த் நாவலுக்குப் படம் வரைந்து கொடுத்தார். எட்டே வருடம். 1768 மார்ச்சில், லண்டனில் ஒரு வாடகை அறையில், காசநோயால் இறந்துபோனார்.

கதைதான் என்ன? இரண்டு வரியில் சொல்லுங்கள்.

டிரிஸ்ட்ரம் என்ற கனவான் தன் வாழ்க்கை வரலாற்றை எழுத உட்காருகிறார். பிறந்ததைச் சொல்ல அப்பாவைச் சொல்ல வேண்டும், அப்பாவைச் சொல்ல சித்தப்பா டோபியைச் சொல்ல வேண்டும், டோபியைச் சொல்ல அவர் காயம்பட்ட போரைச் சொல்ல வேண்டும். இப்படியே ஒன்பது பாகம். தன் வாழ்க்கையில் சில நாட்களுக்கு மேல் அவரால் சொல்லவே முடிவதில்லை.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் சிலர்தான். எதற்கெடுத்தாலும் ஒரு தத்துவம் வைத்திருக்கும் அப்பா வால்டர். கோட்டை, பீரங்கி என்றே வாழும் சித்தப்பா டோபி. அவருடைய விசுவாசமான பணியாள், முன்னாள் சிப்பாய் டிரிம். குறைவாகப் பேசி எல்லோரையும் மடக்கிவிடும் அம்மா. ஊர்ப் பாதிரியார் யோரிக். டோபியைக் காதலிக்கும் பக்கத்து வீட்டு விதவை வாட்மன். குழந்தையைப் பிரசவத்தில் எடுக்க வரும் டாக்டர் ஸ்லாப்.

நாயகன் பிறக்கவே மூன்று பாகம் ஆகிறதாமே, உண்மையா?

உண்மை. முதல் அத்தியாயம் அவர் கருவாகும் இரவில் தொடங்குகிறது. மூன்றாம் பாகத்தில்தான் பிறக்கிறார், அதுவும் டாக்டர் ஸ்லாப்பின் இடுக்கியில் மூக்கு நசுங்கி. நான்காம் பாகத்தில் பெயர் வைக்கிறார்கள். அப்பா ‘டிரிஸ்மெஜிஸ்டஸ்’ என்று சொல்லி அனுப்புகிறார். வேலைக்காரப் பெண் சூசன்னாவுக்கு அந்தப் பெயர் வாயில் நிற்கவில்லை, ‘டிரிஸ்ட்ரம்’ ஆகிவிடுகிறது. உலகத்திலேயே அப்பாவுக்குச் சகிக்காத பெயர் அது.

நான்காம் பாகத்தில் டிரிஸ்ட்ரம் ஒரு கணக்குப் போடுகிறார். ஒரு வருடம் எழுதியாகிவிட்டது, வாழ்க்கையின் முதல் நாளைக்கூடத் தாண்டவில்லை. இதற்குள் எழுத வேண்டிய நாட்கள் இன்னும் 364 கூடிவிட்டன. எழுத எழுத எழுத வேண்டியது கூடுகிறது. முதல் முறை படித்தபோது இதற்குச் சிரித்தேன். இரண்டாம் முறை, காசநோய்க்காரர் ஒருவர் எழுதிய வரி இது என்று நினைவுக்கு வந்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

முதல் அத்தியாயத்தில் வரும் அந்தக் கடிகார விஷயம் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை.

வால்டர் ஒழுங்குக்காரர். மாதத்தின் முதல் ஞாயிறு இரவு வீட்டுப் பெரிய கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். தாம்பத்தியக் கடமையையும் மறக்காமல் அதே இரவுக்கு வைத்துக்கொண்டார். வருடக்கணக்கில் இப்படியே நடந்ததால் அம்மாவின் மனதில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. முக்கியமான கணத்தில் அவர் கேட்கிறார்: “ஏங்க, கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறக்கலையே?” அப்பாவின் கவனம் சிதறுகிறது. அந்தச் சிதறலில் கருவானதால்தான் தன் வாழ்க்கை முழுக்கச் சிதறிக் கிடக்கிறது என்பது டிரிஸ்ட்ரமின் முறையீடு.

இதற்குப் பின்னால் இருப்பவர் தத்துவவாதி ஜான் லாக். தொடர்பே இல்லாத இரண்டு எண்ணங்கள் பழக்கத்தால் ஒட்டிக்கொண்டால், ஒன்று வரும்போது மற்றதும் கூடவே வந்துவிடும் என்று லாக் எழுதினார். அவருக்கு அது அறிவின் கோளாறு, எச்சரிக்கை செய்ய வேண்டிய விஷயம். ஸ்டெர்னோ மனித மனம் சாதாரணமாகவே அப்படித்தான் ஓடுகிறது என்று கண்டு, அதையே நாவலின் நடையாக்கிக்கொண்டார்.

என் பிரதியில் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு, ஒரு பக்கம் காலி, பத்துப் பக்கம் காணவே காணோம். அச்சுக்கோளாறா? மாற்றித் தருவார்களா?

கோளாறு இல்லை. முதல் பதிப்பிலிருந்தே அப்படித்தான். கறுப்புப் பக்கம் முதல் பாகத்தில், யோரிக் இறந்ததும் வருகிறது. தாளின் இரண்டு புறமும் மை. சாவைப் பற்றி ஒரு சொல்கூட எழுதாமல் கல்லறைக் கல்லைப் போல நிற்கும் தாள். மூன்றாம் பாகத்தில் வண்ணங்கள் சுழிசுழியாகக் கலந்த ஒரு பக்கம் உண்டு. பழைய கணக்குப் பேரேடுகளின் அட்டை உட்புறத்தில் ஒட்டியிருக்குமே, அந்த மார்பிள் காகிதம். முதல் பதிப்பில் அதை ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாகக் கையால் செய்தார்கள். அதனால் ஒரு பிரதியின் பக்கம் இன்னொன்றில் இருக்காது. தன் புத்தகத்தின் சின்னம் இதுதான் என்கிறார் டிரிஸ்ட்ரம். ஒவ்வொரு வாசகர் கைக்கும் வேறு புத்தகம் போகும் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது!

காலிப் பக்கம் ஆறாம் பாகத்தில். விதவை வாட்மனின் அழகை வர்ணிக்காமல், உங்கள் மனதுக்குப் பிடித்த மாதிரி நீங்களே வரைந்துகொள்ளுங்கள் என்று இடம் விடுகிறார். பென்சில் எடுத்து வரையலாம், அதற்குத்தான் அந்த இடம். காணாமல் போன பக்கங்கள் நான்காம் பாகத்தின் 24-ஆம் அத்தியாயம். அது மிகவும் நன்றாக அமைந்து மற்ற அத்தியாயங்களைச் சோபை இழக்கச் செய்ததால் தானே கிழித்துவிட்டதாக அடுத்த அத்தியாயத்தில் சொல்கிறார். அப்புறம், அந்தக் கிழித்த அத்தியாயத்தில் என்ன இருந்தது என்று விவரமாகச் சொல்லவும் செய்கிறார்.

முன்னுரை ஏன் மூன்றாம் பாகத்தின் நடுவில் இருக்கிறது?

பாத்திரங்கள் எல்லோரும் அப்போதுதான் ஏதோவொரு வேலையில் இருக்கிறார்கள் அல்லது தூங்குகிறார்கள். ஆசிரியருக்குக் கிடைத்த முதல் ஓய்வு அதுதான், எழுதிவிட்டார். இதே மாதிரி டோபி ஒரு வாக்கியத்தை முதல் பாகத்தில் தொடங்கி, இரண்டாம் பாகத்தில்தான் முடிக்கிறார். நடுவில் பல அத்தியாயங்கள் ஓடிவிடுகின்றன. அப்பாவும் சித்தப்பாவும் மாடிப்படி இறங்குவதற்கே இரண்டு அத்தியாயம் ஆகிவிட்டதே என்று டிரிஸ்ட்ரமே ஓரிடத்தில் கூசுகிறார்.

மன்னியுங்கள், இதெல்லாம் வெறும் வித்தைதானே? ஒரு தடவை பார்த்தால் தீர்ந்தது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. என்னை வருத்துவதும் இதுதான். கறுப்புப் பக்கத்தின் படத்தை மட்டும் பார்த்தவருக்கு அப்படித்தான் தோன்றும். நாவலைப் படித்து அங்கே வந்து சேர்பவருக்கு யோரிக் யார் என்று தெரியும், அவருடைய நண்பர் யூஜீனியஸ் கட்டிலருகே கண்ணீரோடு உட்கார்ந்திருந்தது தெரியும். சொல் நின்றுபோகும் இடத்தில் மை வருகிறது.

இந்த நாவலில் ஒருவர் சொல்வது இன்னொருவரைச் சரியாகப் போய்ச் சேருவதே இல்லை. எண்ணங்கள் மனதில் தொடராக வருகின்றன என்று வால்டர் விளக்க ஆரம்பிக்கிறார். “பீரங்கித் தொடரா?” என்று கேட்கிறார் டோபி. அவருக்கு அந்தச் சொல் அந்த ஒரு படத்தைத்தான் காட்டும். வால்டர் தலையில் அடித்துக்கொள்கிறார். சொல் இப்படித் தோற்கும் இடங்களில்தான் ஸ்டெர்ன் சொல் இல்லாத வேறொன்றை எடுக்கிறார்: ஒரு கோடு, நட்சத்திரக் குறிகள், காலி இடம், ஒரு கையசைவு. ஒன்பதாம் பாகத்தில், கல்யாணம் செய்யாத மனிதனின் சுதந்திரத்தைப் பற்றிப் பேச வந்த டிரிம், தடியைக் காற்றில் ஒரு சுழற்று சுழற்றுகிறான். அந்தச் சுழற்றலைப் பக்கத்தில் ஒரு வளைகோடாகவே அச்சிட்டிருக்கிறார்கள். அப்பாவின் ஆயிரம் தர்க்கங்களும் இதைவிட அதிகம் சொல்லியிருக்க முடியாது என்கிறார் டிரிஸ்ட்ரம். பாம்பு போல நெளியும் அந்தக் கோட்டை நான் எத்தனையோ முறை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன்.

டோபி சித்தப்பாவை எல்லோரும் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? எனக்கு அவர் ஒரு அப்பாவியாகத்தான் தெரிகிறார்.

1695-இல், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள நமூர் கோட்டை முற்றுகையில், உடைந்து விழுந்த கல் பட்டு அவருக்குத் தொடையிடுக்கில் காயம். பார்க்க வருபவர்கள் எல்லோரும் எங்கே, எப்படி அடிபட்டது என்று கேட்கிறார்கள். அகழி, கொத்தளம், மதில் என்று விளக்கப் போய் அவரே குழம்பி, அந்தக் குழப்பத்தில் காயம் ஆறாமல் இழுத்துக்கொண்டே போகிறது. வரைபடம் வாங்குகிறார். வரைபடம் போதாமல் தோட்டத்துப் புல்வெளியில் டிரிமோடு சேர்ந்து கோட்டையையே சின்ன அளவில் கட்டுகிறார். செய்தித்தாளில் எந்த ஊர் முற்றுகை வருகிறதோ, அதே முற்றுகை மறுநாள் தோட்டத்தில் நடக்கும். இந்தப் பித்தை ஸ்டெர்ன் ‘பொம்மைக் குதிரை’ என்பார். ஒவ்வொருவருக்கும் ஏறிச் சவாரி செய்ய ஒரு குதிரை, அதற்காக யாரையும் திட்டக்கூடாது என்பது அவர் கட்சி.

போரையே விளையாடும் இந்த மனிதர், சாப்பாட்டு நேரம் முழுக்கத் தொல்லை கொடுத்த ஈயைப் பிடித்து, ஜன்னலைத் திறந்து, போ, உனக்கும் எனக்கும் இந்த உலகத்தில் இடமிருக்கிறது என்று விட்டுவிடுகிறார். வாட்மன் அம்மாள் கல்யாணத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய கவலையோடு, “சரியாக எங்கே அடிபட்டது?” என்று கேட்கும்போது, அந்த இடத்தில் நீங்களே விரலை வைத்துப் பார்க்கலாம் என்று டோபி மலர்ச்சியோடு எழுந்து போய் டிரிமிடம் கொண்டுவரச் சொல்வது நமூரின் வரைபடம். நான் முன்பு சொன்ன தவறிப்போகும் பேச்சு இதில் உச்சத்துக்குப் போகிறது. இவ்வளவு சிரிப்பும் இவ்வளவு கனிவும் ஒன்றாக வரும் வேறு இடம் எனக்குத் தெரியாது.

பாதிரியார் எழுதியது என்கிறீர்கள், இத்தனை கொச்சை இருக்கிறதே?

இருக்கிறது. முதல் இரண்டு பாகங்களை எழுதியவர் ஒரு பாதிரியார் என்று தெரிந்ததும் பலர் கொதித்தார்கள். 1760-இல் தன் சொந்தப் பிரசங்கங்களை ‘யோரிக்கின் பிரசங்கங்கள்’ என்று நாவல் பாத்திரத்தின் பெயரில் வெளியிட்டபோது கொதிப்பு இன்னும் ஏறியது. ஆனால் கொச்சையாக அவர் எழுதிய வார்த்தை மிகக் குறைவு. நட்சத்திரக் குறி போட்டு நிறுத்திவிடுவார். நிரப்புவது படிப்பவர்தான்.

வேறு புத்தகங்களிலிருந்து திருடியவர் என்று எங்கோ படித்தேன்.

1798-இல் ஜான் ஃபெரியர் என்ற மான்செஸ்டர் மருத்துவர், ராபர்ட் பர்ட்டன் 1621-இல் வெளியிட்ட ‘மனச்சோர்வின் உடற்கூறு’ நூலிலிருந்தும் இன்னும் சில நூல்களிலிருந்தும் ஸ்டெர்ன் வரிவரியாக எடுத்திருப்பதைக் காட்டினார். மறுக்க முடியாது. ஐந்தாம் பாகத் தொடக்கத்தில், ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றிக் கலவை செய்யும் மருந்துக்கடைக்காரரைப் போல நாம் புதுப் புத்தகம் செய்துகொண்டே இருக்கப் போகிறோமா என்று ஆவேசமாகக் கேட்கிறார். அந்த வரியே பர்ட்டனிடமிருந்து எடுத்தது. படித்தவர்கள் கண்டுபிடித்துச் சிரிக்கட்டும் என்றே வைத்தார் என்று நினைக்கிறேன். எல்லா இடத்துக்கும் இந்தச் சமாதானம் செல்லாது. சில இடங்களில் சும்மாதான் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தக் காலத்தின் பெரிய விமர்சகர் டாக்டர் ஜான்சன் இந்த நாவலை மதிக்கவே இல்லையாமே?

ஆமாம். விசித்திரமானது எதுவும் நீடிக்காது, ‘டிரிஸ்ட்ரம் ஷாண்டி’ நீடிக்கவில்லை என்று 1776-இல் சொன்னார். அந்தக் காலத்துக் கணிப்பாக அது நியாயம்தான். கடைசிப் பாகங்களுக்கு முதல் பரபரப்பு இல்லை.

பின்நவீனத்துவம் வருவதற்கு இருநூறு வருடம் முன்பே வந்த பின்நவீனத்துவ நாவல் என்று சொல்லலாமா?

பின்நவீனத்துவம் என்பது கதை சொல்லும் மரபுகளோடு விளையாடும் இருபதாம் நூற்றாண்டுப் போக்கு, இந்த நாவலுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்டெர்ன் பின்னால் வரப்போவதைப் பார்த்து எழுதவில்லை. பழைய நகைச்சுவை எழுத்தாளர்களான ராபலேயையும் செர்வான்டெஸையும் படித்துச் சிரித்துப் பழகிய கிராமத்துப் பாதிரியார் அவர். ஆங்கில நாவலுக்கு அப்போது நாற்பது வயதுதான். ‘ராபின்சன் குருசோ’ 1719, ‘டாம் ஜோன்ஸ்’ 1749. நாவல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற சட்டம் இறுகும் முன்பே, அந்தச் சட்டத்தோடு விளையாடிவிட்டார் என்பதுதான் வியப்பு.

பின்னால் வந்தவர்கள் அவரைக் கண்டுகொண்டார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் தித்ரோ தன் ‘ஜாக்’ நாவலில் டிரிமின் முழங்கால் காயக் கதையை அப்படியே எடுத்தாண்டார். பிரேசிலின் மச்சாதோ டி அசிஸ், 1881-இல் செத்துப்போனவன் எழுதும் சுயசரிதையாக வந்த ‘பிராஸ் குபாஸ்’ நாவலின் முகப்பிலேயே ஸ்டெர்ன் பெயரைச் சொல்கிறார். உலக இலக்கியத்திலேயே நாவலின் இயல்பை அதிகம் காட்டும் நாவல் இதுதான் என்று 1921-இல் ரஷ்ய விமர்சகர் ஷ்க்லோவ்ஸ்கி எழுதினார். எந்த நாவலும் மறைத்துவைக்கும் எலும்புக்கூட்டை இது வெளியே காட்டுகிறது என்பது அவர் வாதம்.

அவருடைய காலத்து உலகம் இதில் இருக்கிறதா? வீட்டுக்குள்ளேயே சுற்றுகிற மாதிரி இருக்கிறது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். இக்னேஷியஸ் சாஞ்சோ என்பவர் அடிமையாகப் பிறந்து, லண்டனில் ஒரு பிரபு வீட்டில் பணியாளராக இருந்தவர். 1766-இல் ஸ்டெர்னுக்குக் கடிதம் எழுதினார்: அடிமைத்தனத்தைப் பற்றி உங்கள் பாணியில் எழுதினால் பலருடைய நுகம் இளகும் என்று. ஆதரவற்ற ஒரு கறுப்பினப் பெண்ணின் துயரக் கதையைத் தான் அப்போதுதான் எழுதிக்கொண்டிருந்ததாக ஸ்டெர்ன் பதில் எழுதினார். அடுத்த வருடம் வந்த ஒன்பதாம் பாகத்தில் அந்தப் பெண் ஒரு கடையில், தடியில் கட்டிய இறகுகளால் ஈக்களை விரட்டுகிறாள். கொல்லவில்லை. டோபியின் ஈயை நினைத்துக்கொள்ளுங்கள். காட்சி மிகச் சிறியது, அடிமை வணிகத்தின் கொடுமைக்கு ஈடாக அது நிற்காது. இன்னும் எழுதியிருக்க வேண்டும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

அவருக்கு ஒரு இந்தியக் காதலி இருந்தாராமே?

இந்தியாவில் பிறந்த ஆங்கிலேயப் பெண். எலைசா டிரேப்பர், 1744-இல் அஞ்சுதெங்கில் பிறந்தவர். இன்றைய திருவனந்தபுரம் மாவட்டத்துக் கடலோரம், கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டை இருந்த ஊர். பதினான்கு வயதில் பம்பாயில் இருந்த கம்பெனி அதிகாரி ஒருவருக்கு மணம் செய்துவைத்துவிட்டார்கள். 1767-இல் லண்டனில் சில மாதங்கள் ஸ்டெர்னுக்கு அவரோடு பழக்கம். ஏப்ரலில் எலைசா பம்பாய்க்குக் கப்பல் ஏறினார். அவரை ‘பிராமினி’ என்றும் தன்னை ‘பிராமின்’ என்றும் அழைத்து ஸ்டெர்ன் அவருக்காக நாட்குறிப்பு எழுதினார். ஸ்டெர்னின் மனைவி அப்போது மகளோடு பிரான்ஸில் இருந்தார்.

ஒரு வருடத்துக்குள் ஸ்டெர்ன் இறந்தார். மீண்டும் சந்திக்கவில்லை. பின்னாளில் எலைசா கணவரை விட்டு வெளியேறி, இங்கிலாந்து திரும்பி, 1778-இல் பிரிஸ்டலில் காலமானார். அவரை இன்னொருவரின் காதலியாக மட்டும் நினைவுவைப்பது நியாயமில்லை. அவருடைய சொந்தக் கடிதங்களில் கூர்மையும் துணிச்சலும் இருக்கின்றன.

அவர் பிணத்தைத் திருடிவிட்டார்கள், மண்டையோடு தனியாகக் கிடைத்தது என்பதெல்லாம் கட்டுக்கதைதானே?

அடக்கம் செய்த சில நாட்களில் உடலைத் திருடி கேம்பிரிட்ஜில் உடற்கூறு வகுப்புக்கு விற்றுவிட்டார்கள், அங்கே யாரோ முகத்தை அடையாளம் கண்டு திருப்பி அனுப்பினார்கள் என்பது அப்போதே பரவிய செய்தி. 1969-இல் லண்டனில் அந்த இடுகாட்டு நிலத்தில் கட்டடம் வரவிருந்தபோது தோண்டினார்கள். மேற்பகுதி அறுக்கப்பட்ட ஒரு மண்டையோடு கிடைத்தது. சிற்பி நொல்லகென்ஸ் ஸ்டெர்னைப் பார்த்துச் செய்த மார்பளவுச் சிலையின் அளவோடு அது ஒத்துப்போனது. அதை அவர் கடைசியாகப் பாதிரியாராக இருந்த காக்ஸ்வோல்ட் கிராமத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அவர் வாழ்ந்த வீடு, ‘ஷாண்டி ஹால்’, அதே ஊரில் இன்று அருங்காட்சியகம். யோரிக் என்ற பெயர் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் கல்லறையிலிருந்து வெளியே வரும் மண்டையோட்டுக்கு உரியது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

இருபது பக்கத்தில் விட்டுவிட்டேன். எப்படித்தான் படிப்பது?

வேகத்தைக் குறையுங்கள். நீளமான கோடு வரும் இடத்தில் எல்லாம் ஒரு மூச்சு விடுங்கள், வாய்விட்டுப் படித்தால் இன்னும் நல்லது. எழுதுவது என்பது உரையாடலுக்கு இன்னொரு பெயர் என்று அவரே சொல்கிறார். ஒரு நாளைக்கு ஐந்தாறு அத்தியாயம் போதும். ஓர் அத்தியாயத்தைக் கவனமில்லாமல் படித்ததற்காக வாசகி ஒருத்தியைத் திரும்பப் போய்ப் படிக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, அவள் வரும்வரை மற்றவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். அந்த அளவுக்கு நாம் கூடவே இருப்பதாக நம்பி எழுதியவர்.

நான்காம் பாகத் தொடக்கத்தில் ஸ்லாக்கன்பெர்கியஸ் என்ற கற்பனை அறிஞர் சொல்வதாக வரும் மூக்குக் கதை எனக்கு இன்றும் நீளம்தான். அலுத்தால் தாண்டிவிடுங்கள். ஆறாம் பாகத்தில் லெஃபீவர் என்ற படைவீரர் சாகும் கதையை மட்டும் தாண்டாதீர்கள்.

கடைசிக் கேள்வி. நாவல் முடிந்ததா, எழுதியவர் செத்துப்போனதால் நின்றுவிட்டதா?

உயிரோடு இருக்கும்வரை வருடத்துக்கு இரண்டு பாகம் எழுதுவேன் என்று முதல் பாகத்தில் வாக்குக் கொடுத்தார். ஒன்பதாம் பாகம் 1767 ஜனவரியில் தனியாக வந்தது, அடுத்த வருடம் அவர் இல்லை. இதை வைத்துப் பார்த்தால் நின்றுபோனது என்று தோன்றும். ஆனால் டோபியின் காதல் கதையைத்தான் தன் புத்தகத்தின் மிகச் சுவையான பகுதி என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லி ஆசைகாட்டி வந்தார், ஒன்பதாம் பாகம் அதைச் சொல்லி முடித்துவிடுகிறது. முடிந்தது என்பதே என் கட்சி. அந்தக் காதல் நடப்பது டிரிஸ்ட்ரம் பிறப்பதற்கு நான்கைந்து வருடம் முன்பு. ஆக, சுயசரிதை அதன் நாயகன் இன்னும் பிறக்காத ஒரு நாளில் முடிகிறது.

கடைசிக் காட்சியில் வீட்டார் எல்லோரும் கூடியிருக்கிறார்கள். பேச்சு எங்கெங்கோ போய், வால்டரின் காளைமாட்டைப் பற்றிய புகாரில் வந்து நிற்கிறது. இதெல்லாம் என்ன கதை என்று அம்மா கேட்கிறார். சேவலும் காளையும் கதை என்று பதில் வருகிறது. ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால் தலையும் வாலும் இல்லாத கட்டுக்கதை என்று பொருள். இந்த வகையில் நான் கேட்டதிலேயே மிக நல்ல கதை இது என்றும் பதில் சொன்னவர் சேர்த்துக்கொள்கிறார். அந்தக் கடைசி வார்த்தைகளைப் பேசுகிறவர், முதல் பாகத்தில் கறுப்புப் பக்கத்துக்குள் போன யோரிக்.